கடைசி வரி வரை படித்தவன்

என் தம்பி குடிப்பவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இன்றைக்கும் அவனைப் பற்றிக் கேட்டால், "ஆரு, புகை மெஷினோட தோட்டுல விழுந்த குடிகாரனா?" என்றுதான் கேட்பார்கள். தோடு என்று இங்கே கால்வாயைச் சொல்வோம். விழுந்தது உண்மை. மற்றது பச்சைப் பொய்.

அப்பா நகரசபைத் தொழிலாளி, வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அந்த வேலை தம்பிக்கு வந்தது. எங்கள் வீட்டில் நிலையான வருமானம் அது ஒன்றுதான். தொண்ணூறுகளின் நடுவில் அவனைப் பகல் வேலையிலிருந்து கொசு ஒழிப்புக்கு மாற்றினார்கள். பொழுது சாயும் நேரத்தில் புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போக வேண்டும். ஒருநாள் அந்தியில் நேராக நடந்து கால்வாய்க்குள் போய்விட்டான். மெஷின் உடைந்தது, இவனுக்கு முழங்கால் பெயர்ந்தது.

சாயங்காலம் ஆனால் தனக்கு வழி தெரிவதில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம். "ராவிலே பத்திரம் முழுவன் வாயிக்குந்ந ஆளா! சந்தியாயா தோடு காணில்ல, அல்லே?" காலையில் பேப்பர் முழுக்கப் படிக்கிறவனுக்கு அந்தி வந்தால் கால்வாய் மட்டும் தெரியாதாம். குடித்துவிட்டு விழுந்தான் என்று நாலு பேர் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். வாயை மோந்துகூடப் பார்க்கவில்லை அந்த மனுஷன். தமிழன், தெருவேலை செய்கிறவன், விழுந்து கிடந்தான். அவருக்கு அது போதும். தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கண்ணை மெடிக்கல் போர்டு பார்க்கட்டும், சொன்னது பொய் என்றால் வேலை போகும் என்றார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

நான் விலங்கியல் படித்துவிட்டு, தினமும் படகேறி எறணாகுளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. குரங்கின் விழித்திரையில் எந்த நரம்புச் செல் எந்தச் செல்லோடு பேசுகிறது என்று வரைய வேண்டும். இறந்துபோன குரங்கின் விழித்திரையை மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, வெளியூரில் மின்நுண்ணோக்கியில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் டிரேசிங் பேப்பரை வைத்து, ஒரு செல்லுக்கு ஒரு நிறம் என்று பென்சிலால் தாள் தாளாகத் தொடர்ந்து போவேன். பச்சை எங்கே நீலத்தைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் குரங்குக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அங்கே வெளிச்சத்தை வாங்கும் கூம்புச் செல் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக வழி உண்டு. அது சொல்வதைக் கேட்டு வாங்க அதற்கென்றே செல்கள், வாங்கியதை மூளைக்கு அனுப்ப அதற்கென்றே செல்கள். ஒன்றன் பேச்சு இன்னொன்றில் கலக்காது. பேப்பரில் பொடி எழுத்தை நாம் படிப்பது அதனால்தான். ஓரங்களில் கதையே வேறு. அங்கே கோல் செல்கள் கூட்டம் கூட்டமாக ஒரே செல்லிடம் போய்ச் சொல்லும். யார் சொன்னது என்று பிரித்து அறிய முடியாது. ஆனால் எல்லாக் குரலும் சேர்வதால் துளி வெளிச்சம்கூட எட்டிவிடும். அந்தியில் கால்வாய்க் கரையோரம் நடக்க அந்தக் கூட்டம்தான் துணை.

இன்னொன்றும் உண்டு, அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளிச்சத்தைப் பிடிக்கும் இந்தச் செல்கள் இருட்டில்தான் ரசாயனத்தைக் கொட்டி ஓயாமல் பேசும். வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும். அடங்குவதுதான் சேதி. இவை செத்துப்போனாலும் அடுத்த செல் உடனே சாவதில்லை, சும்மா இருக்கும்.

தம்பிக்குச் செத்துக்கொண்டிருந்தவை கோல் செல்கள். நடு மட்டும் நன்றாக இருந்தது. அதனால் பேப்பர் படிப்பான், காலடியில் இருக்கும் வாளியை உதைப்பான். பவர்கட் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் இருக்கும், ஓரப் பார்வையைச் சோதிக்கச் சொல் என்றார்.

ஆனால் போர்டில் எழுத்துப் பலகையைத்தான் காட்டுவார்கள் என்று ஏற்கனவே போய்வந்தவர்கள் சொன்னார்கள். எழுத்துப் பலகை நடுவைத்தானே கேட்கும்! வீட்டில் படித்துப் படித்துச் சொன்னேன். யார் காதில் ஏறியது? டெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மாவுக்கு ஒரே நினைப்பு, பையன் பாஸாக வேண்டும். ஈரல் வாங்கி வறுத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுச் சுவரில் காலண்டரை மாட்டச் சொல்லி, எங்கள் வாசலில் அவனை உட்காரவைத்து நட்சத்திரப் பெயர்களைப் படிக்கவிட்டாள். தெருவே கூடிநின்று சரி, தப்பு சொன்னது.

"அம்மா, அவன் நல்லாப் படிச்சா பொய் சொன்னான்னு ஆயிடும். மனசிலாச்சா?" என்றேன்.

"போடி அங்கே! கண்ணு தெரியலேன்னா ஜோலி போயிடாதா? கூடப் பொறந்தவளே ஜோலிக்கு உலை வைக்கிறா!" என்றாள் அம்மா.

தம்பி போனான். கடைசி வரி வரை ஓர் எழுத்து விடாமல் படித்தான். அதோடு விட்டானா? பலகையின் அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்துக் காட்டினான். அம்மா சேமியா பாயசம் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். அடுத்த வாரமே வந்தது சேதி: கண்ணில் குறை இல்லை, சொன்னது பொய், வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது. அம்மா பாயசப் பாத்திரம் இருந்த அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகேறினேன். போர்டில் இருந்த டாக்டரின் அறைக்குள் கேட்காமல் நுழைந்தேன்.

"குட்டி டாக்டராணோ?" என்றார், பெண்ணே நீ டாக்டரா என்று.

"இல்லே சார். குரங்கோட கண்ணை வரையறவ. நீங்க இவன்கிட்ட நடுவை மட்டும்தான் கேட்டீங்க. ஓரத்தையும் கேளுங்க. மருந்து ஊத்திக்கூடப் பார்க்காம எப்படி சார் பொய்யன்னு எழுதினீங்க?"

குரல் வராந்தா வரை கேட்டிருக்கும். என் வாயை அடைப்பதற்காகவே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். "என்டெ மூக்கு மாத்ரம் நோக்கணும். கை காணும்போள் பறயணும்" என்றார். மூக்கை மட்டும் பார்க்க வேண்டும், கை கண்ணில் பட்டதும் சொல்ல வேண்டும்.

"சரி சாரே" என்றான் தம்பி. மூக்கையே பார்த்தான்.

டாக்டர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினார். இன்னும் வேகமாக ஆட்டினார். தம்பி பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பரீட்சையில் நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற அதே முகம்.

"மூக்கு நல்லா தெரியுது சாரே. பக்கத்துல ஒரு மச்சம் இருக்கு" என்றான். பிறகு பணிவாகக் கேட்டான்: "கையை எப்ப சாரே காட்டுவீங்க?"

டாக்டரின் கைகள் அப்படியே நின்றன. மெல்ல உள்ளே கொண்டுவந்தார். அவை டாக்டரின் காதுகளை ஒட்டி வந்த பிறகுதான் தம்பி "ஆ, இப்ப" என்றான். அதற்குப் பிறகு மருந்து ஊற்றி, விளக்கு வைத்து, நெடுநேரம் பார்த்தார். பார்வை இன்னும் சுருங்கும் என்றார். ஒருநாள் நடுவும் போகலாம், இதற்கு மருந்து இல்லை என்றார். தப்பைத் திருத்தி எழுதுகிறேன், பகல் வேலை கொடுக்கச் சொல்கிறேன் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

திரும்பும் படகில் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சண்டை போட்டு ஜெயித்தது இதற்குத்தானா என்று அழுகையாக வந்தது. தம்பி என் தோளை இடித்தான்.

"அக்கா, அப்போ நான் குடிக்கலேன்னு அவரே எழுதித் தருவார், அல்லே?"

"தருவார்டா."

"அப்படீன்னா அம்மாகிட்ட பாயசம் வைக்கச் சொல்லணும். எல்லாருக்கும் கொடுக்கணும்" என்றான்.

கண் போகும் என்று கேட்டுவிட்டு வந்தவன் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சூப்பர்வைசரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.