மரவள்ளிக்கிழங்கும் புதுநன்மையும்

எனக்குப் பசி தாங்காது. இன்றைக்கும் அப்படித்தான், எட்டு வயதில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கிறிஸ்துமஸில் புதுநன்மை கொடுப்பதென்று வீட்டில் முடிவானது. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தைவிட, முதல்நாள் நள்ளிரவிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படக்கூடாது என்ற சட்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவர்தான் ஊருக்கு உபதேசியார். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வது, கோயில் மணி அடிப்பது எல்லாம் அவர் பாடு.

ஊர் என்றால் வெள்ளிமலையிலிருந்து மலைக்குள்ளே ஐந்து மைல். பதினோரு கிறிஸ்தவ வீடுகள், தகரக் கூரை போட்ட ஒரு கோயில், அவ்வளவுதான். களமருதூரில் நெல்வயலைப் பார்த்து வளர்ந்த என் அம்மா, ஓர் உபதேசியாரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இங்கே வந்து சாமையும் மரவள்ளியும் சமைத்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு தடவை கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து சாமியார் ஜீப்பில் வருவார். கிறிஸ்துமஸுக்கு அடிவாரத்தில் இரவுப் பூசையை முடித்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு எங்களுக்குப் பூசை வைப்பார். அந்த வருஷம் பழைய சாமியார் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் நாலு வாரமும் அம்மா தன் வெள்ளைக் கல்யாணப் புடவையை வெட்டி, கையாலேயே எனக்கு ஒரு கவுன் தைத்தாள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பிடித்த மழை, பண்டிகையன்று காலையில்தான் விட்டது. விடிவதற்குள் அம்மா கோழிக் குழம்பு வைத்து மூடிவிட்டாள். மூடினால் மட்டும் வாசனை அடங்குமா? கவுனும் தலையில் காகிதப்பூக் கிரீடமுமாக நான் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு மட்டும் அடுப்படியில் இருந்தது.

ஒன்பது ஆனது. பத்தும் ஆனது. சாமியார் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாக நடந்து வந்த ஒருவர் சொன்னார். அப்பா அசரவில்லை. வந்த சனத்தை உட்காரவைத்து, மீட்பரே வாரும் வாரும் என்று திருவருகைக் காலப் பாட்டுகளையே மறுபடியும் மறுபடியும் பாடவைத்தார். யாரோ கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்ததற்கு, "பூசை ஆவாம பொறப்புப் பாட்டு பாடக் கூடாது" என்று அதட்டிவிட்டார்.

அம்மா மட்டும் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஊர் முனையில் பாதை வளைந்து ஏறும் திருப்பம் ஒன்று உண்டு. அரைமணிக்கொரு தடவை அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையாகத்தான் திரும்பினாள். ஆனால் போனதைவிடத் தெளிந்த முகத்தோடு திரும்பினாள். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்டி. வந்துக்கினே இருப்பாரு" என்று என் கிரீடத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி கிளம்புவாள்.

பண்டிகைக்கு வந்திருந்த என் தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, கிறுக்கு புடிச்சிருக்குதா உனக்கு? பஸ்ஸே வரல, சாமி இன்னா பறந்தா வருவாரு?"

"நடந்து வருவாருடா" என்றாள் அம்மா.

உச்சி வேளையில் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் மாமா அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒலகத்துல எல்லா ஊர்லயும் பாலன் பொறந்து அரை நாளாச்சி. உங்கொப்பன் ஊர்ல மட்டும் இன்னும் பொறக்கல. சாமி இன்னிக்கு வரமாட்டாரு. சாப்புடு" என்று ஒரு துண்டை நீட்டினார்.

வரமாட்டார் என்றால் விரதம் எதற்கு? நியாயமாகத்தான் பட்டது. ஒன்றைத் தின்றேன். பிறகு இன்னும் இரண்டு. அப்படி ஒரு ருசி அந்தக் கிழங்குக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கோயிலுக்குப் போய்ப் பாட்டில் சேர்ந்துகொண்டேன்.

மூன்று மணி இருக்கும். "வந்துட்டாரு! ஏ, சாமி வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே அம்மா திருப்பத்திலிருந்து ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே முழங்கால்வரை சேறும் தலையில் பூசைப் பெட்டியுமாக ஓர் இளம் சாமியார் வந்தார். சரிவுக்குக் கீழே ஜீப்பை விட்டுவிட்டு அங்கிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். சனமெல்லாம் தோஸ்திரம் சாமி, தோஸ்திரம் சாமி என்று அவரைச் சுற்றிக்கொண்டது. நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து யார் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேனோ, அவர் வந்ததும் எனக்கு அழுகை வந்தது. கிழங்கைத் தின்றுவிட்டு நற்கருணை வாங்கினால் நரகம். வாங்காமல் நின்றால் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? நாலு வாரம் தைத்தவள் அவள்.

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் தனியாகச் சொல்லவேண்டும். முழங்காலில் நின்று, பொய்யும் சண்டையும் சொல்லிமுடித்து, விக்கி விக்கி அதையும் சொன்னேன்.

"கெழங்கு தின்னுட்டேன் சாமி."

"எப்போம்மா?"

"மத்தியானம். மூணு துண்டு. சின்னதுதான்."

சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று இப்போது தோன்றுகிறது. நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதுமாம். சட்டம் மாறிப் பல வருஷமாகிவிட்டதாம். பழைய சாமியார் எங்களிடம் மூச்சுவிடவில்லை, அவருக்கே அது பிடிக்கவில்லையோ என்னவோ.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார்தான் வெளியே சொல்லக் கூடாது. எனக்கு அந்தத் தடை கிடையாது. எழுந்தேன், ஓடினேன், கோயிலே கேட்கும்படி கத்தினேன்: "யம்மா! ஒரு மணி நேரம் போதுமாம்மா! நான் கெழங்கு தின்னது தப்பே இல்லயாம்!"

என்னோடு புதுநன்மை வாங்கவிருந்த பையன் ஒருவன், "அப்ப நான் எதுக்குப் பட்டினி கெடந்தேன்?" என்று ஓவென்று அழ ஆரம்பித்தான். அப்பா மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்து அவசர அவசரமாகப் புரட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள், சாமியாரைப் பார்த்தாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"பாவம், பசியில எல்லாரும் வாடிட்டீங்களேம்மா" என்றார் சாமியார்.

"பரவால்ல சாமி. நல்லாத்தான் இருந்துச்சி" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பட்டினி கிடந்ததில் என்ன நல்லாயிருந்தது? பூசையில் நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு நற்கருணை வாங்கினோம். திரும்பிப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடாதவள் அவள், முகம் மட்டும் காலையிலிருந்தே விருந்து சாப்பிட்டவள் முகமாக இருந்தது. வயிறு நிறைந்திருந்தவள் நான்தான். பூசை முடிந்ததும் பிறப்புப் பாட்டை அவளைவிடச் சத்தமாக யாரும் பாடவில்லை.

மறு வருஷம் மழை இல்லை, மண் சரியவில்லை. புதுச் சட்டப்படி நான் ஏழு மணிக்கே மூன்று இட்லியை முடித்துவிட்டு அம்மாவைத் தேடினேன். திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். இட்லியைத் தொடவே இல்லை.

"ஒரு மணி நேரம் போதும்மா. மறந்துட்டியா?" என்றேன்.

"தெரியும்டி. சாப்புடறவங்க சாப்புடட்டும். எனக்கு இப்புடி நின்னாத்தான் பண்டிக மாதிரி இருக்குது."

சரியாக ஒன்பது மணிக்கு, சொன்ன நேரத்துக்கு, ஜீப் வந்து நின்றது. அம்மா கும்பிட்டாள். பிறகு, அதற்குள் வந்துவிட்டாரா என்பதுபோல, கீழே இறங்கிப்போகும் வெறும் பாதையை இன்னும் ஒரு தடவை ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். வந்தாலும் குறை, வராவிட்டாலும் சிரிப்பு, இந்த அம்மாவுக்கு எதையும் விளங்கவைக்க முடியாது என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன்.