சம்பந்தியோடு நேரே பேச

பல் செட் செய்கிற லேபில் நம்மவருக்கு ‘ஜப்பான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் பாலிஷ்காரர். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, முடிந்த பல் செட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற மனிதர்; கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஜப்பான் வந்தாச்சா, ஜப்பானுக்கு டீ சொல்லியாச்சா என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். நம்மவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். திமிர் ஒன்றும் இல்லை. காதில் இயர்போன் இருக்கும், அதற்குள் யாரோ ஜப்பானியர்கள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். சம்பந்தியோடு நேரே பேச வேண்டும்.

ஒரே பெண். வேலைக்கென்று ஜப்பான் போனவள், அங்கேயே ஒரு ஜப்பானியப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் தங்கமானவன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய மேல்படிப்பு முடியவேண்டும் என்று கல்யாணத்தை மட்டும் ஒன்றரை வருஷம் தள்ளி வைத்தார்கள். நிச்சயம் ஆனதும் இரண்டு வீட்டாரும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். பெண்தான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கத்துக்கும் மாற்றிச் சொன்னாள். கடைசியில் நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

“என் பொண்ணுக்குக் கோவம் பொசுக்குன்னு வந்துடும். ஆனா மனசுல ஒண்ணை மறைச்சு வெக்கத் தெரியாது அவளுக்கு. தூர தேசத்துல விட்டுட்டு உக்காந்திருக்கோம். உங்க பொண்ணா நினைச்சுப் பாத்துக்குங்க.”

 பெண் அதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. சம்பந்திகள் தலையைக் குனிந்து சிரித்தார்கள், அவ்வளவுதான். நான் இவ்வளவு நீளம் சொன்னேனே, நீ இத்தனூண்டு சொல்கிறாயே என்று கேட்டதற்கு, எல்லாம் சொல்லிட்டேன்ப்பா என்று முடித்துவிட்டாள். நம்மவருக்கு மனசே ஆறவில்லை. நடுவில் ஆள் வைத்துப் பேசினால் இந்த லட்சணம்தான். கல்யாணத்துக்குள் அந்த நாலு வார்த்தையைத் தன் வாயாலேயே சம்பந்தி காதில் போடாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

அப்போது பார்த்து யூடியூபில் ஒரு பொடியன் கிடைத்தான். புத்தகத்தைத் தொடாதே, அர்த்தம் தேடாதே, கீழே ஓடுகிற எழுத்தைப் பார்க்காதே, கைக்குழந்தை மாதிரி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இரு, ஒரு நாள் காது தானாகத் திறந்துகொள்ளும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். நம்மவர், பிறர் சொன்னதை அப்படியே செய்கிற ஜாதி. டாக்டர் அனுப்புகிற அச்சில் கடுகளவு பிசகினாலும் செட் வாயில் உட்காராது. அந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு இந்தப் பொடியனின் சொல்லும் வேதவாக்குத்தான்.

ஆரம்பித்தார் ஐயா. மெழுகு உருக்கும்போது ஜப்பானியச் செய்தி. பல் அடுக்கும்போது ஜப்பானியக் குடும்ப சீரியல். பஸ்ஸில் யாரோ ஒருத்தன் ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் புலம்புகிற வீடியோ. குளிக்கிறபோதுகூட போனைப் பாலிதீன் பையில் போட்டு ஜன்னலில் சாத்தி வைத்துக்கொண்டார். வீட்டு டிவி அவர் கைக்குப் போயே போய்விட்டது. மனைவி நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள், இந்த வீட்டில் மனுஷர் பாஷை பேச ஓர் ஆள் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தங்கையிடம் பேச மாடிக்குப் போய்விட்டாள்.

காது திறந்ததா? எங்கே திறந்தது! மாதக்கணக்கில் சடசடவென்று தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம்தான் கேட்டது. சீரியலில் மாமியார் அழுதாள், அது புரிந்தது. அழுகைக்கு என்ன பாஷை? எதற்கு அழுதாள் என்று கேட்டால் பேய் முழி முழிப்பார். வானிலை அறிக்கை மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கோ கண்காணாத ஊரில் நாளைக்கு மேகமூட்டமா, வெயிலா என்று சொல்லிவிடுவார். அதை வைத்துக்கொண்டு சம்பந்தியிடம் என்ன பேசுவது? ஒரு தடவை ஆத்திரம் தாங்காமல் இயர்போனைப் பிளாஸ்டர் கரைக்கிற கிண்ணத்துக்குள் வீசிவிட்டார். இறுகிப்போவதற்குள் எடுத்துக் கழுவி, மறுபடி காதில் மாட்டிக்கொண்டார். பாலிஷ்காரர் சிரித்த சிரிப்பில் லேபே அதிர்ந்தது.

ஒரே ஒரு வகை வீடியோ மட்டும் கொஞ்சம் பிடி கொடுத்தது. ஜப்பானியப் பல் ஆஸ்பத்திரிகள் போடுகிற வீடியோ. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையில் எடுக்கிற சாமானைப் பார்த்தாலே அடுத்து என்ன வேலை என்று தெரியும், அதனால் அப்போது சொல்கிற வார்த்தையும் தானாக மண்டையில் ஒட்டிக்கொண்டது. பல், ஈறு, நோயாளி, டாக்டர், ஆஸ்பத்திரி, வலிக்கிறதா, வாயைத் திறங்கள். இதையும் சம்பந்தியிடம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் விடாமல் பார்த்தார். ஒன்றாவது புரிகிறதே என்கிற அற்ப ஆசை.

இப்படியே கல்யாணம் நெருங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வீடியோவில் கூடினார்கள். அங்கே சம்பந்தி வீட்டு சோபாவில் பையனின் அப்பா, அம்மா, நடுவில் இவர் பெண். இங்கே சாப்பாட்டு மேசையில், மருந்து டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் நம்மவரும் மனைவியும். அந்த நாலு வார்த்தையை பொடியன் பேச்சை மீறி, ஜப்பானிய மொழி சொல்லித்தருகிற ஒரு வாத்தியாரம்மாவின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒருவாறு ஒட்டி வைத்திருந்தார். சட்டைப் பையில் இருக்கிற சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி பேச ஆரம்பித்தார். மழைதான். மண்டபம் பற்றியோ தேதி பற்றியோ என்னவோ போயிற்று. நம்மவருக்கு அழுகையே வந்தது. ஒன்றரை வருஷம் கேட்டேனே, பாவி, ஒரு வார்த்தையாவது காதில் நிற்கக் கூடாதா என்று அந்தப் பொடியனை மனசார வைதார்.

பிறகு சம்பந்தி இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நிறுத்தி நிதானமாக ஏதோ கேட்டார். நம்மவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. புரிந்தது. ஒரு எழுத்து சிந்தாமல் முழுசாகப் புரிந்தது.

‘டாக்டர், உங்கள் பல் ஆஸ்பத்திரி எப்படிப் போகிறது? நோயாளிகள் நிறைய வருகிறார்களா?’

அத்தனையும் பல் ஆஸ்பத்திரி வீடியோவில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட வார்த்தைகள். பெண் இந்தப் பக்கம் திரும்பினாள்.

“உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்கப்பா.”

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். காது திறந்துவிட்டதே! அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கேட்டது என்ன என்று உறைத்தது. டாக்டரா? நானா? எனக்கு ஏது ஆஸ்பத்திரி? டாக்டர்கள் கொடுத்தனுப்புகிற அச்சுக்குப் பல் கட்டித் தருகிறவன் நான். இவள் அப்பாவை டாக்டர் ஆக்கி வைத்திருக்கிறாள். என் தொழிலைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. முகத்தில் அறைந்தாற்போல இருந்தது அவருக்கு.

திரையில் பெண்ணைப் பார்த்தார். சிரித்தபடிதான் இருந்தாள். கண் மட்டும் இவருடைய வாயிலேயே இருந்தது. சம்பந்தி பதிலுக்குக் காத்திருந்தார். பக்கத்தில் மனைவி, நல்லாயிருக்கேன்னு சொல்லுங்களேன் என்று முழங்கையால் இடித்தாள்.

நம்மவர் வாயைத் திறந்தார். சீரியலில் கடைக்காரன் முதல் மந்திரி வரை எல்லாரும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பதில் ஒன்று உண்டு. எல்லாம் உங்கள் புண்ணியத்தில் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் சொன்னார். ஜப்பானிய மொழியில், தலையைக் குனிந்து, தடங்கல் இல்லாமல்.

அங்கே ஒரே அமர்க்களம். சம்பந்தியம்மா கைதட்டினாள். சம்பந்தி எழுந்தே நின்று குனிந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இவரிடம் கடகடவென்று பேசினார்கள். அதில் மறுபடி ஒரு எழுத்தும் புரியவில்லை. மாற்றிச் சொல்ல வேண்டியவள் வாயே திறக்கவில்லை. முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். யாரோ மணி பார்த்தார்கள், வணக்கம் சொன்னார்கள், திரை அணைந்தது. ஒட்டி வைத்திருந்த நாலு வார்த்தை சொல்லாமலே நின்றுபோயிற்று. மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. தங்கையிடம் சொல்ல மாடிக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பெண் தனியாகக் கூப்பிட்டாள். தெருவில் நின்று பேசுகிற சத்தம் கேட்டது.

“அப்பா, உங்களுக்கு எப்பலேருந்து புரியுது?”

“இன்னிக்குத்தான்.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். அவர்கள் வீட்டில் மாமா, பெரியப்பா எல்லாருமே டாக்டர்களாம். முதல் தடவை போனபோது உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களாம். பல் டாக்டர் என்று வாயில் வந்துவிட்டதாம். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம், நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தே நாள் ஓடிவிட்டதாம். திட்டிடுங்கப்பா என்றாள். அவருக்கும் திட்ட ஆசைதான், நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டார்.

“நீங்க ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிம்மா? என் பொண்ணு உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கான்னு அவங்க பாஷையிலயே சொல்லவா? அதுக்கா இத்தனை நாள் காதுல மாட்டிக்கிட்டு அலைஞ்சேன்?”

 பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். சம்பந்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறாராம். அவ்வளவு நன்றாகப் பேசுகிறாரே, இனிமேல் நீ நடுவில் எதற்கு என்று கேட்கிறாராம்.

நம்மவர் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார்.

“வேணாம்மா,” என்றார். “நீ இரு. நடுவுல நீயே இரு.”