அம்மாவின் வசனம்

நாடகம் முடிந்து மண்டபத்தில் விளக்குப் போட்டதும் என் அம்மா சொன்ன முதல் பேச்சு இது: "அந்தப் பொம்பள சேலைக்கு ஃபால்ஸ் தைக்கல, பாத்தயா?"

முன்வரிசையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்த பிறகு சொன்னது. மேடையில் அந்தப் பொம்பளை பெற்ற மகளைச் சடையைப் பிடித்து இழுத்தாள், வந்தவர்கள் முன்னால் வைத்துக் கேலி செய்தாள், அழுதால் அழகாயிருக்கிறது இன்னும் கொஞ்சம் அழு என்றாள். அத்தனையும் என் அம்மா எனக்குச் செய்தவை. வசனத்தில் பாதி அம்மாவின் வாயிலிருந்து நேராக எடுத்துப் போட்டது. மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்களுக்கு அது யார் கதை என்று தெரியும்; மேடையை விட்டுவிட்டு அம்மாவைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண்ணில் பட்டது சேலைக் கரை.

நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், சாயப்பட்டறைக்குப் போன் போட்டுக் கத்துவதும் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் கம்பெனி ஆட்கள் சிலர் சேர்ந்து நாடகம் போடுகிற குழு ஒன்றில் இருக்கிறேன். அந்தக் குழுவுக்காக எழுதியதுதான் இது. ஆனால் கைதட்டலுக்காக எழுதவில்லை. அம்மாவின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வரவேண்டும். "உன்னை அப்படிச் செய்திருக்கக் கூடாது." அவ்வளவுதான். எத்தனையோ முறை நேரில் கேட்டுப் பார்த்துவிட்டேன். "நானா? உன்னெயா? கனாக் கினாக் கண்டயா?" என்று சிரிப்பாள். சரி, நாலு பேர் பார்க்க மேடையில் காட்டினால் எப்படி இல்லையென்று சொல்வாள் பார்க்கலாம் என்றுதான் எழுதினேன்.

அம்மா குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ள வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு மங்கலத்தில் தறி ஓடியது. தறி நொடித்தபோது அம்மா பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வரும் பனியனை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டவேண்டும். அதை வைத்து டெய்லர் சரிசெய்வார். சரிசெய்ய முடியாதது டேமேஜ் கூடைக்குப் போகும். அம்மாவின் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று கம்பெனியில் பேர். வந்த கொஞ்ச நாளிலேயே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.

அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. எனக்காக. யாராவது விருந்தாளி வருவதென்றாலோ விசேஷத்துக்குக் கிளம்புவதென்றாலோ அம்மா என்னை ட்யூப்லைட்டுக்கு அடியில் நிறுத்துவாள். கன்னத்தில் பரு இருந்தால் அங்கே ஒரு அம்பு. வகிடு கோணியிருந்தால் நெற்றியில் ஒரு அம்பு. பாவாடை மடிப்பு சரியில்லையென்றால் இடுப்பில். ஒவ்வொன்றாகச் சரிசெய்து அம்மாவிடம் காட்ட வேண்டும்; அவள் கையால்தான் பிய்ப்பாள். பருவை எப்படிச் சரிசெய்வது? பவுடர் அப்பிக்கொண்டு நிற்பேன். கறுப்புத் தோலுக்கு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் ஒருமுறை ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததுதான் நாடகத்தின் நடுக்காட்சி. பொங்கலூரில் இருந்து வந்திருந்தார்கள். அன்று காலையில் எப்போதும்போல் அம்மா ஒட்டினாள், நான் சரிசெய்தேன், அவள் பிய்த்தாள். காப்பித் தட்டோடு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பையனுடைய அம்மா, "சித்தெ நில்லு கண்ணு" என்று என் முதுகுப்பக்கம் ரவிக்கையில் இருந்து எதையோ பிய்த்தார். சிவப்பு அம்பு. அவர்களும் பனியன் தொழிலில் இருப்பவர்கள். அந்த அம்மாவுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இதென்னுங்க, டேமேஜ் பீஸைக் கொண்டாந்து காட்டறீங்களா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் அம்மா. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சம்பந்தம் கைகூடாததில் எனக்கு வருத்தமே கிடையாது. பையனுக்குக் கழுத்தே இல்லை. ஆனால் அம்மா சிரித்த சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. ஒன்றை எடுக்க மறந்துவிட்டாள், மறந்ததைச் சிரித்து மறைத்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். நாடகத்திலும் அப்படியே எழுதினேன்.

நாடகத்தைப் பார்த்த ஒருவர் அதைப் படமாக எடுக்க வேண்டும் என்று வந்தார். தேனிப் பக்கம் இருந்து பிழைக்க வந்த குடும்பம், பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே குறும்படங்கள் எடுத்தவர். இப்போது யாரோ பணம் போட முன்வந்து முழுப்படம் எடுக்கிறார். மேடையில் அம்மாவாக நடித்த பெண்மணியே படத்திலும் நடிப்பது என்று முடிவாயிற்று. ஓவர்லாக் டெய்லர், ஐம்பது வயதுக்காரர், நிஜத்தில் ஓர் எறும்பைக்கூட நசுக்க மாட்டார். மகள் வேஷத்துக்கு ஒரு கல்லூரிப் பெண். மற்றதெல்லாம் சரியாயிருந்தது, முடிவு ஒன்றைத் தவிர. என் நாடகத்தில் மகள் "ஏம்மா?" என்று கேட்பாள், அம்மா துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தம்மா ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கணும்க்கா. சனம் அழுதுக்கிட்டே வெளிய போகணும்."

"கேக்க மாட்டாங்க தம்பி. கேக்காததுதான் கதையே" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். தலையாட்டுகிறவர்களை நான் நம்பியிருக்கக் கூடாது.

படப்பிடிப்புக்கு வீடு தேடினார்கள். அம்மா தானாகவே, "நம்மூட்டுலயே எடுத்துக்கோங்க சாமி, ஊடு சும்மாதான கெடக்குது" என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் சமையலும் அவளே. அவள் வாய்க்கு லைட் பிடிப்பவர் 'கண்ணு', கேமராக்காரர் 'சாமி', மேக்கப் போட வந்த பெண் 'தங்கம்'. "இன்னுங் கொஞ்சம் உண்ணு கண்ணு, ஒடம்பு எளைச்சுக் கெடக்குதே" என்று அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நெய் ஊற்றினாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "உங்கம்மா எவ்ளோ ஸ்வீட்டுக்கா" என்றது. அதன் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கி வெளியே எறியலாமா என்று எனக்குத் தோன்றியது.

அடிக்கிற காட்சி. டெய்லரம்மா அந்தப் பெண்ணின் சடையைப் பூத்தொடுக்கிறவள் மாதிரி மெல்லப் பிடித்தார். மூன்று நான்கு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா பொறுக்க மாட்டாமல் சொன்னாள்.

"அப்படிப் புடிச்சா நழுவிப்போயிருமுங்க. சடையக் கையில ஒரு சுத்துச் சுத்திக்கோணும். அப்பறம் கீழ இழுத்தா மொகம் தன்னால மேல வந்துரும். வந்தா அறையறதுக்குச் சுளுவுங்க."

டெய்லரம்மா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இயக்குநர், "சூப்பர்ம்மா, அதேதான்" என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது. கனவு கண்டாயா என்று என்னைக் கேட்டவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரு சுற்று என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தவள் அந்த ஒரு வாக்கியத்துக்கும் வந்துவிடுவாள் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான், ஆனால் நம்பினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது இயக்குநர் நைசாக ஆரம்பித்தார். "ஏம்மா, இப்படியொரு தாயி மககிட்ட மன்னிப்புக் கேக்கறான்னு வைங்க. எப்படிம்மா கேப்பா?"

அம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். கையைத் தலைப்பில் துடைத்தாள். அந்தக் கல்லூரிப் பெண் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே போய் உட்கார்ந்து முகவாயைத் தொட்டாள். நான் ரசப்பாத்திரத்தோடு அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"கண்ணு, அன்னிக்கு உன்ற முதுகுல அந்த அம்பு இருந்தது எனக்குத் தெரியும். மறக்கல சாமி. வேணும்னேதான் உட்டுட்டேன். அன்னிக்கு நீ அத்தன நல்லா இருந்தே. நான் அந்த வயசுல அப்படி இல்ல. பொறுக்க முடியல. உன்னெய அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க கண்ணு."

அவள் குரல் உடைந்தது. கண்ணில் நீர் நிஜமாகவே வந்தது. அந்தப் பெண் எச்சில் கையோடு அம்மாவின் மடியில் விழுந்து தேம்பியது. அம்மா அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் இடது கையால் போனை எடுத்து, மறந்துபோவதற்குள் வரிகளைப் பதிவு செய்துகொண்டார். அம்மா எழுந்து, என் கையில் இருந்த பாத்திரத்தை வாங்கி, "ரசம் ஆறுது, நின்னுட்டே இருக்கறே" என்றாள்.

நான் எத்தனையோ வருடங்களாகக் கேட்ட வாக்கியம் அது. ஒரு வார்த்தை மாறவில்லை. அதோடு நான் கேட்காத ஒன்றும் சேர்ந்து வந்தது: மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டாள். இரண்டையும் நேற்று முன்தினம் அறிமுகமான ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

முடிவை மாற்றக் கூடாது என்று அன்று சாயங்காலம் இயக்குநரிடம் சண்டை போட்டேன். "உங்கம்மாவே சொன்ன வசனம்க்கா, இத விட்டுட்டா பாவம்" என்றார். அப்படியே எடுத்தார்கள். டெய்லரம்மா அம்மாவின் வார்த்தைகளை மனப்பாடம் செய்து நன்றாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா அளவுக்கு வரவில்லை.

படம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் தியேட்டர் ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். சொந்தபந்தம் முழுக்க வேன் வைத்துக்கொண்டு வந்தது. கடைசிக் காட்சியில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காட்சி முடிந்ததும் அம்மா பட்டுச்சேலையோடு வாசலில் போய் நின்றாள், கல்யாணத்தில் வழியனுப்ப நிற்பதுபோல. வருகிறவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்தார்கள்.

"அத்தன பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்கறதுக்கு எத்தன பெரிய மனசு வேணுமுங்க" என்றார் ஒருவர்.

"பெத்தவ தானுங்க, கேக்காம இருப்பனா" என்றாள் அம்மா. "அந்த வசனமே என்ற வாயில வந்ததுங்க. நான் சொல்லச் சொல்லத்தான் எடுத்தாங்க."

ஓர் அத்தை என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "உங்கொம்மா இத்தன தூரம் எறங்கி வந்துட்டா. நீ ஏன் கண்ணு இன்னும் மொகத்தத் தூக்கி வெச்சுட்டு நிக்கறே? ஆகாது சாமி. கல்லு மனசாட்ட இருக்கக் கூடாது." இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். படம் பார்க்க உள்ளே போகும்போது நான் அடிபட்ட பெண். வெளியே வரும்போது நன்றி கெட்டவள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டுச்சேலையை அவிழ்த்து மடிக்க உட்கார்ந்தாள். வீட்டில் அந்நேரம் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு நெசமாவே வேணும்னுதான் உட்டயா?"

"எதெ?"

"அந்த அம்பெ. படத்துக்குச் சொன்னயில்ல."

"அட, அது வசனம். அந்தத் தம்பி கேட்டுது, சொன்னேன். கதையில வர்றதெல்லாம் நெசமா இருக்குமா?"

"அப்படீன்னா நீ என்கிட்ட மன்னிப்பே கேக்கல."

அம்மா சேலையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து உதறினாள். "என்ன பேச்சுப் பேசறே நீயி? தேட்டர் நெறைய சனம் பாக்கக் கேட்டாச்சு. சொந்தம் ஒறம்பரை அத்தன பேரும் சாட்சி. இன்னும் உனக்குத் தனியா வேற கேக்கோணுமா?"

சேலையை பீரோவுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள என்ற மடியில உழுந்து அழுதுச்சு" என்றாள். "பெத்த புள்ள நீ, ஒரு சொட்டுத் தண்ணி உட்டயா?"