கறன்ட் நிற்காத நாட்கள்

கறுப்புத் திரையில் ஒரேயொரு வரி, அதில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். சொந்த அக்கா அல்ல; மட்டக்களப்பில் நாங்கள் இருந்த அலுவலகத்துக்கு அவர் பொறுப்பாளர், நான் கணினிகளைப் பார்ப்பவள். சுனாமிக்குப் பிறகு, கடல் எச்சரிக்கை வந்ததும் கரையோர ஊர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் ஓடவிட்டிருந்தோம். அக்காவின் மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவருடைய தங்கை குடும்பம் அப்போதும் கரையில்தான் இருந்தது.

யுத்தம் முடியும்வரை அந்த மென்பொருள் எங்களுக்குக் கரைச்சல் தந்ததேயில்லை. யுத்தம் முடிந்த பிறகு நடந்த ஓர் ஒத்திகையில் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. நினைவகம் நிரம்பி, லினக்ஸே அதை நிறுத்திப் போட்டிருந்தது. மறுபடி ஓடவிட்டு, கணினியின் மொத்த நினைவகத்தைப் பார்த்தேன். தாராளமாக இடமிருந்தது. பிரச்சினை இல்லை என்றேன்.

"முழுசையும் பாராத புள்ள. அது ஒண்டு மட்டும் எவ்வளவு தின்னுது எண்டு பாரு" என்றார் அக்கா.

ஓடும் மென்பொருள்கள் பிடிக்கும் நினைவகத்தைக் காட்டும் 'டொப்' கட்டளைக்கு அந்த ஒரு மென்பொருளின் இலக்கத்தை மட்டும் கொடுத்தேன். அது பிடித்திருந்த நினைவகம் ஏறியதே தவிர இறங்கவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத பிழை அது. இத்தனை வருடமும் இது எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முந்தி எங்க கறன்ட் ஒழுங்கா இரிந்தது?" என்றார் அக்கா. "ஒவ்வொருக்காவும் மெசின் செத்து, மறுகா புதுசாத்தானே எழும்பினது."

உண்மைதான். ஓயாத மின்வெட்டு அந்தப் பிழையை மூடி வைத்திருந்தது. கறன்ட் ஒழுங்காக வந்த பிறகுதான் மென்பொருள் நினைவகம் நிரம்புமட்டும் ஓடியது. நிம்மதியான காலம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, கரையில் இருந்தவர்களுக்குக் காவல் இல்லாமல் போயிருந்தது.

பிழையைத் திருத்தினோம். எண் ஓரிடத்தில் நின்றது. ஆனாலும் அக்கா வேலைக்கு நடுவே வந்து வந்து அந்தத் திரையைப் பார்ப்பார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னில் நம்பிக்கை இல்லையோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"எல்லாம் நல்லா இரிக்குதானே அக்கா, இன்னும் என்னத்தப் பாக்கிறீங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடல் நல்லா இரிக்கு எண்டுதான் புள்ள, அண்டைக்கு மகன கரையில விளையாட விட்டனான்."