ஜுவெனல் ஊற்றிய முதல் வாய்

ஜுவெனல் சாவோ பாவ்லோவில் ஓர் ஓட்டல் பாரில் மது கலப்பவன். பிறந்தது என்னவோ டியேட்டே என்ற சின்ன ஊர்ப் பக்கம், கரும்புக்காட்டு ஓரத்தில். பட்டணம் வந்த புதிதில் பட்டிக்காட்டு வழக்கில் 'ர'வை உருட்டி உருட்டிப் பேசி அவன் வாங்கிய கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல. நாக்கைத் திருத்தினான், ஊரை மறைத்தான். வில்மாவைக் காதலித்தபோது, ஊருக்குக் கூட்டிப்போ என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அம்மா செத்துப்போய்விட்டாள் என்றே அளந்துவிட்டான். புத்தி புல் மேயப் போயிருந்தது, வேறென்ன சொல்ல?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண் கேட்கப் போனான். வில்மாவின் அப்பா ஒராசியோ எடுத்த எடுப்பிலேயே, "எங்க, ஒரு கைப்பிரீன்யா போடு பாப்போம்" என்றார்.

அதற்கென்ன? எலுமிச்சையைச் சர்க்கரையோடு நசுக்கி, ஐஸ் போட்டு, கரும்புச் சாராயத்தை ஊற்றி நீட்டினான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அது என்ன பேருப்பா?" என்றார்.

கேட்டாரே ஒரு கேள்வி! ஜுவெனலுக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை.

"குட்டிப் பட்டிக்காட்டான்னு அர்த்தம் ஐயா! அந்தக் காலத்துல காட்டானுங்க சளி பிடிச்சா எலுமிச்சை, பூண்டு, தேன் எல்லாத்தையும் சாராயத்துல போட்டுக் குடிப்பானுங்களாம். எவனோ பூண்டை எடுத்துட்டுச் சர்க்கரையைப் போட்டான், பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. அதுங்களைப் பாத்திருக்கீங்களா? கால்ல சேறு, வாயில வைக்கோல்!"

ஒராசியோ விழுந்து விழுந்து சிரித்தார். பெண் கிடைத்த மாதிரிதான். அந்தக் குஷியில் ஜுவெனல் தன் கோப்பையை எடுத்து, ஊர் வழக்கப்படி முதல் வாயைப் புனிதருக்கென்று தரையில் சாய்த்தான். அவன் ஊரில் அது மண் தரை, உறிஞ்சிக்கொள்ளும். இங்கே விரித்திருந்ததோ புத்தம்புது வெள்ளைக் கம்பளம்.

"என்னப்பா இது?" என்று எழுந்தே விட்டார் ஒராசியோ.

"ஐயோ, மன்னிச்சிருங்க! புனிதருக்கு ஊத்தாமக் குடிச்சா எங்கம்மா இன்னிக்கும் அடிக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன 'ர'வும் உருண்டு வந்திருந்தது.

"செத்துப்போனவங்க எப்படி அடிப்பாங்க?" என்றாள் வில்மா. அவன் முழித்த முழியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "அடப்பாவி! திங்கக்கிழமை தவறாம அவங்க ஆத்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்டா நான்! அழுதுகிட்டே ஏத்துனேன். இப்பவே போனைப் போடு."

போட்டான். வில்மா பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் வில்மா. உங்க மருமகளா வரலாம்னு இருந்தேன். உங்க பையன் நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லி வெச்சிருக்கான். நானும் அதை நம்பி உங்களுக்காக அழுதுட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிறகு, "என்னைச் சொல்லிக்க வெக்கமாமா அவனுக்கு?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

வில்மா போனை அவன் காதில் வைத்தாள். சமாளிக்க ஆயிரம் பொய் தெரிந்தவன்தான். இந்த முறை பொய் சொல்லவில்லை.

"ஆமாம்மா."

"நாசமாப் போறவனே," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பொண்ணு எனக்காக அழுதுச்சாடா? கால்ல விழுந்தாவது பிடிச்சு வை."

வில்மா அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வா. தனியா வந்தேன்னா கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள்.