மழைக்குப் பிறகும் தண்ணீரைப் பார்த்தவர்

பாடசாலை மைதானத்தில் விளையாட்டுப் போட்டிக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாக அதிபர் ஆளனுப்பினார். மறுமுனையில் தனலெட்சுமி மிஸ்ஸின் தம்பி சிவகுமார். "மாஸ்டர், அக்கா போயிட்டாங்க" என்றார். காலையில் வேலைக்குப் புறப்பட்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார். மைதானத்துக்குத் திரும்பி வந்து, பாதியில் விட்ட கோட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மிஸ் அருகில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

மாத்தளை நகரில் பலருக்கும் அவரை முகத்தால் தெரியும். குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கும் மெலிந்த பெண்மணி. உள்ளே மீன் இருப்பதாக நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. இருந்தவையோ ஐஸ் கட்டிகளும் தண்ணீர்ப் போத்தல்களும்தான். கிணறு, மலை ஊற்றுப் பீலி, குளம், குழாய் என்று மாவட்டமெங்கும் தண்ணீர் எடுத்து வந்து, அதில் நோய்க்கிருமி உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவரது தொழில்.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எழுதித் தேறியும், பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வராததால் நல்ல வேலை எதுவும் கிடைக்கவில்லை. அரசாங்க நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் தற்காலிகச் சிற்றூழியராகச் சேர்ந்தார். "போத்தல் கழுவத்தான் என்னைய எடுத்தாங்க மாஸ்டர். சரியா கழுவாத போத்தல் பொய் சொல்லும்னு அங்கதான் படிச்சேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தபோது, அலுவிகாரையில் சக ஊழியரான ஒரு சிங்களப் பெண்ணின் வீட்டில் தம்பியோடு ஒளிந்திருந்தார். நிலைமை அடங்கியதும் அதே கூடத்துக்குத் திரும்பினார். பிறகு பத்திரம் வந்தது, பரீட்சைகள் எழுதினார், பரிசோதகரானார். இதையெல்லாம் அவர் கதையாகச் சொன்னதில்லை. பல வருடப் பழக்கத்தில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டவை.

அந்தப் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது.

சமாதான உடன்படிக்கையால் வீதிகள் திறந்திருந்த காலத்தில், எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஓர் ஆசை பிறந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் டிரையத்லன் போட்டியை மாத்தளையில் நடத்த வேண்டும். செயலாளர் நான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து அணைக்கட்டில் நீச்சல், அங்கிருந்து மலையிறங்கி மாத்தளை வரை சைக்கிள், பிறகு ஏ-9 வீதியில் அலுவிகாரை வரை ஓட்டம் என்று பாதை வகுத்தோம். எல்லாம் கூடிவரச் சில வருடங்கள் பிடித்தன. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் போட்டியாளர்கள் பெயர் கொடுத்தார்கள். தண்ணீர் நீந்தத் தக்கது என்று ஒரு கடிதம் மட்டும் தேவைப்பட்டது. அதற்காகத்தான் மிஸ்ஸைத் தேடிப் போனேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு மிஸ். அடியில கெடக்குற கல்லெல்லாம் தெரியுது. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்" என்றேன்.

"தெளிவான தண்ணி வேற, சுத்தமான தண்ணி வேற மாஸ்டர். பாத்துட்டுச் சொல்றேன்."

வந்து பார்த்தார். அணையில் மூன்று இடங்களில், முழங்கால் ஆழத்தில் இறங்கி, போத்தலின் வாயைக் கையால் தொடாமல் தண்ணீர் பிடித்தார். கிருமி உண்டா என்று தெரிய, கூடத்துச் சூட்டுப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். மறுநாள் முடிவு வந்தது. தண்ணீர் நன்றாகவே இருந்தது. அறிக்கையை என் கையில் தந்துவிட்டு அவர் சொன்னார்: "இது வெயில்ல எடுத்த தண்ணி. மேல லயம் இருக்கு, கக்கூஸ் குழி இருக்கு, மாட்டுப் பட்டி இருக்கு. ஒரு மழை பேஞ்சா எல்லாம் எறங்கி வரும். போட்டிக்கு முந்தி மழை வந்தா திரும்ப எடுக்கணும்."

நான் தலையாட்டினேன். அறிக்கையைப் பிரதியெடுத்துக் கழக அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். மழை பற்றி அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி பிற்பகல் மழை கொட்டியது. சனிக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே, மிஸ் முதல் பஸ்ஸில் இரத்தோட்டைக்குப் போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறார். அப்போது சமாதானம் தேய்ந்து, வீதிகளில் சோதனைச் சாவடிகள் மீண்டும் முளைத்திருந்தன. திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெட்டி, உள்ளே பெயரெழுதிய போத்தல்கள், கொண்டுவந்தவர் ஒரு தமிழ்ப் பெண். "மொனவாத மே?" இது என்ன என்று சிப்பாய் கேட்க, "வத்துர, மஹத்தயா" தண்ணீர்தான் ஐயா என்றிருக்கிறார் மிஸ். தண்ணீர் என்றால் குடித்துக் காட்டு என்றாராம் அவர்.

பின்னாளில் மிஸ் இதைச் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று அவர் பயந்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் சிங்களத்தில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்: "குடிக்க மாட்டேன். இதுல மலம் கலந்திருக்கான்னு பாக்கத்தான் கொண்டு போறேன். சந்தேகம்னா நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க." சிப்பாய் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி அடையாள அட்டையையும் வேலைக் கடிதத்தையும் பார்த்தார். போத்தல்கள் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தார், மூடிக் கொடுத்தார், போகலாம் என்றார்.

திறந்த போத்தல் இனிப் பயன்படாது. மிஸ் வீதியைக் கடந்து நின்று, எதிரே வந்த பஸ்ஸில் மீண்டும் இரத்தோட்டைக்குப் போனார். கூடத்துக்குப் போய் மாற்றுப் போத்தல்கள் எடுக்க நேரமில்லை. இருந்தவற்றையே லயத்து வீடொன்றில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து, மறுபடி நிரப்பிக்கொண்டு, அதே சாவடி வழியாகத் திரும்பினார். இம்முறை அதே சிப்பாய் பஸ்ஸைப் போகவிடச் சொல்லிக் கைகாட்டினாராம்.

இதனால் அரை நாள் தாமதம். சனி மாலை கழகக் கூட்டத்துக்கு வந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு முன்ன என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. கிருமி வளர நேரம் வேணும். அதை நான் அவசரப்படுத்த ஏலாது" என்றார்.

போட்டி ஏழு மணிக்கு. கழகத் தலைவர் நகரத்தில் பெரிய வியாபாரி, நல்ல மனிதர்தான். ஆனால் கொதித்துப் போனார்.

"அந்த டேம்ல லயத்துப் புள்ளைங்க தெனமும் குளிக்குதுங்க. அதுகளுக்கு என்ன ஆயிருச்சு?"

மிஸ் அவரையே பார்த்தார். "ஒண்ணும் ஆகலேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது ஐயா? தோட்டத்து டிஸ்பென்சரி பக்கம் போயிருக்கீங்களா? மழை பேஞ்ச ஒவ்வொரு வாரமும் அங்க யார் யாரு வயித்துப் போக்கோட வர்றாங்கன்னு எங்கிட்ட இருக்கு. பேரோட வாசிக்கவா?"

கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வாசிக்கவும் தொடங்கினார். கவிதா, நாலு வயசு. ரமேஷ், ரெண்டு வயசு. யோகேஸ்வரி, ஆறு வயசு. நான்காவது பெயரில் தலைவர் கையை உயர்த்தி, போதும் என்பது போலக் காட்டினார். ஆனாலும் போட்டியை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. நானும் அவர் பக்கம் நின்று மிஸ்ஸோடு சண்டை பிடித்தேன். என் பையில் நல்ல தண்ணீர் என்று எழுதிய பழைய அறிக்கை இருந்தது. அதைக் காட்டி எல்லோரையும் நீந்த விட்டிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. போட்டியைத் தலைகீழாக நடத்துவது. அலுவிகாரையில் ஓட்டத்தோடு தொடங்கி, மாத்தளையிலிருந்து சைக்கிளில் மலையேறி, நீச்சலைக் கடைசியில் வைப்பது. இறக்கத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏற்றம் என்றதும் முணுமுணுத்தார்கள். தொடக்கத்தையும் ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தோம்.

நான் அணைக்கரையில் நின்றேன். பத்து மணியாகியும் மிஸ் வரவில்லை. முதல் சைக்கிள் வளைவில் தெரிந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு வங்கி ஊழியர், நீச்சலில் பேர் போனவர். சைக்கிளைப் போட்டுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் முச்சக்கர வண்டியொன்று வந்து நின்றது. மிஸ் இறங்கினார். தூரத்திலிருந்தே தலையசைத்தார். இல்லை என்று.

நான் ஓடிப்போய் அந்த வீரருக்கும் தண்ணீருக்கும் நடுவில் கையை விரித்து நின்றேன். "நீச்சல் இல்லை. சைக்கிளோடு போட்டி முடிந்தது. முதலிடம் உங்களுக்கே" என்று கத்தினேன். அவருக்குக் கோபம் தாங்கவில்லை. நீந்தத்தானே வந்தேன் என்றார். "நாங்க கடல்ல நீந்துறவங்க, இந்தக் குட்டையில என்ன வந்துரும்?"

மிஸ் அருகில் வந்துவிட்டார். "கடல்ல நீந்துனாலும் வயிறு ஒண்ணுதானே தம்பி. நேத்து எடுத்த தண்ணியில மலக்கிருமி நெறைய இருக்கு. எலிக்காய்ச்சல் வேற இந்தப் பக்கம் இருக்கு. ஒங்க கால்ல பாருங்க, செயின் கிழிச்சு ரத்தம் வருது. அந்தக் காயத்தோடயா எறங்கப் போறீங்க?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு சப்பாத்தை மாட்டத் தொடங்கினார்.

கரையில் வைத்திருந்த பலகையிலும் பழைய அறிக்கையின் பிரதி ஒன்று இருந்தது. மிஸ் அதைப் பார்த்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, அதன் குறுக்கே பெரிய எழுத்தில் 'மழைக்கு முன் எடுத்தது' என்று எழுதினார். எழுதி முடித்து என்னிடம், "இதையும் சேத்து ஒட்டியிருக்கணும் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி எனக்கு இன்றும் சுடுகிறது.

விளம்பரம் தந்த நிறுவனம் மறு வருடம் வர மறுத்தது. தலைவர் பதவியை விட்டு விலகினார். போட்டியாளர் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை என்பதால், வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்று நகரத்தில் பேச்சு எழுந்தது. மிஸ்ஸிடம் வருத்தத்தோடு சொன்னேன். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் மூஞ்சிய தொங்கப் போடுறீங்க?" என்றார். "வாங்க, ஒரு எடத்துக்குப் போவோம்."

அணைக்கு மேலேயிருந்த லயத்துக்குக் கூட்டிப் போனார். போகும் வழியில், நாங்கள் நீச்சலைத் தடுத்த அதே கரையில் ஒரு தாய் துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரது மகள் அந்தத் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். போட்டியன்று காலை வெளியூர் வீரர்களுக்காகக் கையை விரித்து நின்ற எனக்கு, இவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

போட்டி நின்றது பத்திரிகையில் சின்னச் செய்தியாக வந்திருந்தது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மிஸ் தோட்டத்துத் தொரையை, அங்கே மேலாளராக இருந்தவரை, பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். "கொழும்பு ஆளுங்க ஒரு மணி நேரம் நீந்த ஆகாத தண்ணி, ஒங்க ஆளுங்க வருஷம் முழுக்கக் குளிக்க எப்படிங்க ஆகும்?" என்று கேட்டார். தொரை பார்க்கலாம் என்றார். மிஸ் அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும். கூடத்துக்கு விடுமுறையான நாட்களில் போனார். பிரதேச சபை, சுகாதார அலுவலகம், தோட்டச் சங்கம், சங்கத் தலைவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. விலகிப்போன எங்கள் பழைய தலைவர்தான் குழாய்களைக் கொடுத்தார். "அந்த நாலு பேரையும் மறக்க முடியல மிஸ்" என்று வந்து நின்றார்.

இரண்டு வருடம் போனது. கக்கூஸ் குழிகள் அணைக்குத் தண்ணீர் வடியாத மறுசரிவுக்கு மாறின. மாட்டுப் பட்டி இடம் பெயர்ந்தது. மேலே பாறையிடுக்கில் ஊறும் ஊற்றிலிருந்து லயத்துக் கோடியில் அமைத்த பீலிக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ஒரு பெருமழைக்கு மறுநாள் மிஸ் அணைத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் எடுத்துப் போனார். முடிவை என்னிடம் நேரில் தந்து, "இப்ப நடத்துங்க ஒங்க போட்டிய" என்றார்.

நடத்தினோம். அன்று மூன்றும் முறைப்படி நடந்தன, நீச்சல் முதலில். கரையில் தோட்டத்து ஆட்கள் கூடி நின்று, யாரென்றே தெரியாத வீரர்களுக்கெல்லாம் கைதட்டினார்கள். கொழும்பு வங்கி ஊழியரும் வந்திருந்தார். தண்ணீரில் முதலாவதாக வந்தவர் அவர்தான். சைக்கிளுக்கு ஓடும் வழியில் மிஸ்ஸைக் கண்டு, நேரம் போகும் என்றும் பாராமல், நின்று கும்பிட்டுவிட்டு ஓடினார். மிஸ்ஸுக்கு வெட்கம் வந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

சாவுச் செய்தி வந்த அன்று நான் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனபோது, அவரைக் குளிப்பாட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் இரத்தோட்டை பஸ் வாசலோடு நின்றது. கொழுந்து பறிக்க மலைக்குப் போன கோலத்திலேயே, அன்றைய பேரை, நாட்கூலியை, விட்டுவிட்டு, அந்த லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவரின் இடுப்பில் பித்தளைக் குடம், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. "எங்க பீலித் தண்ணிங்க. மிஸ்ஸுக்கு இதுலதான் ஊத்தணும்" என்றார். பஸ்ஸில் ஒரு துளி சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம்.

அந்தத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் ஒவ்வொருவராகச் செம்பில் மொண்டு ஊற்ற, நான் வாசலில் நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வணக்கம், மிஸ். உங்களோடு சண்டை பிடிக்கக் கிடைத்தது என் பாக்கியம்.