வெண்கலக் கையில் குழாய்த் தண்ணீர்

மருத்துவ ஊற்றுக்குப் பேர்போன பாட் ஹெல்மரோடேக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் மடிப்புத்தாளில் இப்போது பன்னிரண்டு காட்சிகள் இருக்கின்றன. போன வருடம் வரை பதினொன்று. ஊற்று மண்டபம், உப்புநீர் சொட்டும் முள்சுவர், பூக்கடிகாரம், வெறுங்காலில் நடக்கும் பாதை, வாத்துக் குளம் என்று போய் மினி கோல்ஃபில் முடியும். பன்னிரண்டாவது காட்சி என் அம்மா.

வெண்கலத்தில், ஆளுயரத்தில், சிரித்தபடி நிற்கிறாள். வேலை நேரத்தில் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

கெர்லிண்டே ஹாசல்பிரிங் இருபத்தொன்பது வருடம் ஊற்று மண்டபத்தில் தண்ணீர் ஊற்றினாள். காலை ஆறரைக்குக் கதவைத் திறப்பாள். முதல் கிளாஸ் அவளுக்கு. விழுங்க மாட்டாள். நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பாள். அதன் பிறகுதான் விருந்தாளிகளுக்கு. வருடா வருடம் வருகிறவர்களின் கிளாஸ்கள் சுவர்க்கொக்கிகளில் தொங்கும். எது யாருடையது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். யாராவது நாற்காலி தேடினால் போதும்.

"உக்காந்து குடிச்சா தண்ணியும் வயித்துல உக்காந்துக்கும். நடங்க."

ஒரே மூச்சில் குடித்தவரிடம், "இது பீரா? மறுபடி ஊத்துறேன், இந்தத் தடவை கொஞ்சம் யோசிச்சுக் குடிங்க" என்பாள். அவரும் வாங்கிக்கொண்டு போய் யோசிப்பார்.

தண்ணீர் சரியில்லை என்றால் ஊற்றுக்காரி குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டுவாள். அன்று யாரும் குடிக்க மாட்டார்கள். கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். ஊற்று நிர்வாகத்தின் இயக்குநருக்கோ ஊர் மேயருக்கோ அதில் கை கிடையாது. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை இருந்ததில்லை.

2021 ஆகஸ்டில், ஊற்றுத் திருவிழா வாரத்தின் வியாழக்கிழமை, அம்மா துணி கட்டினாள். ஒரு மணி நேரத்தில் இயக்குநர் ஃபோல்க்மார் டீட்யென் வந்து அவிழ்த்தார். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது தடவை விருந்தாளிகள் முன்னால் கேட்டார்.

"கெர்லிண்டே, ஜனவரியில உங்களுக்குக் கொரோனா வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. போயிருச்சு."

"ருசி போனவங்க நாக்கை நம்பி ஒரு ஊரையே மூடலாமா? நீங்களே சொல்லுங்க."

அடுத்த திங்கள்கிழமை அவளை மினி கோல்ஃப் ஜன்னலுக்கு மாற்றினார்கள். ஓய்வு என்று பெயர் வைத்தார்கள்.

இதில் என் பங்கை எழுதாமல் மேலே போக முடியாது. நான் பக்கத்து நகரமான காசெலில் ஓர் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிறேன். துணி கட்டிய அந்த வாரச் சனிக்கிழமை அம்மா ரயிலேறி என் வீட்டுக்கு வந்தாள். பையில் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் மூடியிருந்தது. அப்படி நிரப்ப நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் தேதி, நேரம், கீழே அவள் கையெழுத்தில்: இது என் ஊற்று இல்லை.

"இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு வீப்கே."

"அம்மா, முறைப்படி அனுப்பச் சொல்லு. இப்படிக் கைல கொண்டாந்தா செல்லாது."

"எனக்குச் செல்லும். சரி, கண்ணைக் கட்டி நாலு தண்ணி வை. எது எதுன்னு சொல்றேன்."

"நாக்கு அளவுக்கருவி இல்லம்மா. அதுவும் கொரோனாவுக்கப்புறம்."

அவள் என்னைப் பார்த்தாள். காப்பி வேண்டாம் என்றாள். அடுத்த ரயிலில் போய்விட்டாள். பாட்டிலை ஆய்வகக் குளிரறையின் கடைசி அலமாரியில் வைத்தேன். சோதிக்கவில்லை.

மினி கோல்ஃபில் நாலு கோடைகள் மட்டையும் பந்தும் கொடுத்தாள். பழைய விருந்தாளிகள் அங்கேயும் தேடி வருவார்கள்.

"கெர்லிண்டே, இன்னைக்குத் தண்ணி எப்படி?"

"எனக்கு நாக்கு இல்லன்னு சொல்லியாச்சே. பந்து எந்தக் கலர் வேணும்?"

நூற்றைம்பது அடி தூரத்தில் இருந்த ஊற்று மண்டபத்துக்குள் அவள் மறுபடி கால் வைக்கவில்லை. இந்த வருடம் பிப்ரவரியில், துணி உலர்த்தும்போது இதயம் நின்றது. வயது அறுபத்தாறு.

ஏப்ரலில் எனக்குக் கடிதம் வந்தது. சுற்றுலாப் பருவத் தொடக்க நாளில் 'எங்கள் ஊற்றுக்காரி' சிலையைத் திறக்கிறோம், குடும்பத்தின் சார்பில் முதல் கிளாஸை நீங்கள் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எரிச்சலில் இரண்டு தடவை படித்தேன். பிறகு குளிரறைக்குப் போனேன்.

பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அடியில் துருப்படிவு. குளோரைடுக்கு முதலில் கொஞ்சம் எடுத்தேன், அது எத்தனை வருடமானாலும் மாறாது. மிச்சத்தில் அமிலம் விட்டுத் துருவைக் கரைத்து இரும்பை அளந்தேன். ஊற்று மண்டபத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அளவுகள்: லிட்டருக்குக் குளோரைடு 1940 மில்லிகிராம், இரும்பு 7.1. அம்மாவின் பாட்டிலில் 1125, 4.1. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தன. வேறு தண்ணீர் கலந்தால்தான் இப்படிக் குறையும். பத்தில் நாலு பங்கு குழாய்த் தண்ணீர்.

மூன்று தடவை அளந்தேன். மொத்தம் நாற்பது நிமிட வேலை. அந்தச் சனிக்கிழமையே செய்திருக்கலாம்.

அளவுகள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு டீட்யெனின் அறைக்குப் போனேன். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

"அந்தக் கோடையில பம்ப் பழுது. பதினோரு வாரம் கொஞ்சம் கலந்து விட்டோம். திருவிழா நேரத்துல மூடியிருந்தா ஊர்ப் பேருக்கு முன்னால இருக்கிற 'பாட்'ங்கிற மருத்துவ ஊர்ப் பட்டமே போயிருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"எங்கம்மாவுக்கு ஆச்சு."

"அதுக்குத்தானே சிலை. அவங்க முகத்தையே செஞ்சிருக்கோம். கையில இருக்கிற கிளாஸ்ல தண்ணி நிக்காம ஓடும். அழகா இருக்கும், பாருங்க."

"கல்வெட்டுல ஒரு வரி சேருங்க. '2021இல் இவர் நாக்கு சொன்னது சரி.' அது போதும். ஊத்த வரேன்."

"சிலைக்குக் கீழே புகார் எழுதுற வழக்கம் இல்லீங்க."

அவர் கதவு வரை வந்து வழியனுப்பினார். தோளில் கை வைத்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

திறப்பு மே முதல் ஞாயிறு. முந்தின நாளே போய் ஊற்றுக் குழாயில் மாதிரி எடுத்து, கையோடு கொண்டுபோன கருவியில் அளந்தேன். 1936, 7.0. தண்ணீர் சுத்தமாகச் சரி. அம்மாவின் வெள்ளைத் துணி என் பையில் இருந்தது. அதை அந்தக் குழாயில் கட்ட வேண்டும் என்றுதான் ஒரு மாதமாக நினைத்திருந்தேன். நல்ல தண்ணீரில் கட்டியிருந்தால் அம்மா என் கன்னத்தில் அறைந்திருப்பாள்.

வாத்துக் குளத்தருகே தோட்டக்காரர் எக்கார்ட் செடி நட்டுக்கொண்டிருந்தார். அம்மாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

"எக்கார்ட் மாமா, சிலைக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"ஊற்றுத் தண்ணி விட்டா வெண்கலம் ரெண்டு வாரத்துல செவந்து போகுமாம். தோட்டக் குழாய்லருந்து இழுத்திருக்காங்க. நான்தான் இணைச்சேன்." மண்வெட்டியைத் தட்டினார். "எனக்கும் பிடிக்கலம்மா. ஆனா என்னை யார் கேட்டா?"

ஞாயிறு காலை பேண்டு வாசித்தது. நூறு பேர் இருந்தார்கள், பலர் கையில் சொந்த கிளாஸ். டீட்யென் அரைமணி நேரம் பேசினார். விசுவாசம் என்ற சொல்லை நாலு தடவை சொன்னார். திரை விலகியது. அம்மா முகத்தோடு நின்ற பெண் நீட்டிய கிளாஸிலிருந்து தோட்டத் தண்ணீர் வழிந்தது. பேருந்தில் வந்த ஒரு சுற்றுலாப் பயணி அதில் கை நீட்டிக் குடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

முன்பே அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்படி, முதல் கிளாஸை ஊற்ற என்னை அழைத்தார்கள். நான் துணியை எடுத்து வெண்கலக் கிளாஸின் மேல் போட்டு, மணிக்கட்டைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டேன். தண்ணீர் துணிக்குள் திணறிக் கையோடு இறங்கியது.

மைக்கில் எண்களை மட்டும் படித்தேன். சுவரில் இருப்பது, பாட்டிலில் இருந்தது, பதினோரு வாரம். பிறகு சொன்னேன்: "எங்கம்மா சொன்னது உண்மைன்னு டீட்யெனுக்குத் தெரியும், தெரிஞ்சே பொய்யாக்கினார். நான் நம்பவே இல்ல. எனக்கு அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். இந்தச் சிலையிலிருந்து வரது ஊற்றுத் தண்ணி இல்ல. அதனால கட்டியிருக்கேன். உள்ள குழாய்ல வரது நல்ல தண்ணி. அதைக் குடிங்க."

டீட்யென் சிலையை நோக்கி நடந்தார். முன்வரிசையில் இருந்த இர்ம்ட்ராவுட் அம்மாள், இருபத்திரண்டு வருட விருந்தாளி, கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"கட்டினவங்கதான் அவுக்கணும் சார். அன்னைக்கு நீங்க அவுத்தப்ப நான் வாயை மூடிட்டு நின்னேன். இன்னைக்கு முடியாது."

டீட்யென் அங்கேயே நின்றார். பேண்டுக்காரர்கள் எதை வாசிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"எப்ப அவுப்பீங்க?" என்று என்னிடம் பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"அந்த வரி வந்ததும்."

உள்ளே போய் ஒரு கிளாஸ் பிடித்தேன். நாக்குக்கடியில் வைத்தேன். இரும்பு, உப்பு, பிறகு லேசாக ஏதோ ஒன்று. அதற்கு என்னிடம் கருவி இல்லை. மற்றவர்களுக்கு ஊற்றினேன். யாரும் உட்காரவில்லை.

இப்போது ஆகஸ்ட். கல்வெட்டில் வரி வரவில்லை. துணியை இரண்டு தடவை யாரோ எடுத்தார்கள். இரண்டு தடவையும் வேறு துணியோடு போய்க் கட்டினேன். மடிப்புத்தாளில் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே 'பராமரிப்பில்' என்று போட்டிருக்கிறார்கள். நேற்று எக்கார்ட் மாமா போன் செய்தார்.

"வீப்கே, துணி பாசி பிடிச்சுக் கறுத்துப் போச்சு. ஞாயித்துக்கிழமை வரும்போது வெள்ளையா ஒண்ணு கொண்டா. கெட்டித் துணியா பாரு."